வாளும் உறையும்: வன்னியில் மரமேறும் உழைப்பின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

தமிழிலே ‘வாள்’ என்னும் சொல் இரு கருவிகளைக் குறிக்கும். ஒன்று போர்க்களத்தில் வீரன் ஏந்துவது; மற்றையது மரத்தை அரிவது. தமிழகத்தில் இரண்டாவது கருவிக்கு ‘இரம்பம்’ என்ற பெயர் பெருவழக்காகிவிட்டது. ஈழத்துப் பேச்சுவழக்கிலோ தச்சனின் கருவியும் விறகு அரிபவனின் கருவியும் இன்றுவரை வாளாகவே இருந்துவருகின்றன. ஒரே சொல்லாற் சுட்டப்படும் இவ்விரு கருவிகளுள் முதலாவதற்கு நமது இலக்கியத்திற் கிடைத்த இடம் யாவரும் அறிந்ததே. தொல்காப்பியம் வாண்மங்கலம் என அதற்குத் தனித்துறையே வகுத்தது. வீரயுகப் பாடல்களைப் பற்றி க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆய்வின் பின்னர், அந்த வாட்புகழுக்கும் அதனைப் பாடிய பாணர் மரபுக்கும் இருந்த சமூக அடிப்படை ஓரளவு தெளிவாகியுள்ளது. இரண்டாவது வாளுக்கோ துறையுமில்லை, மங்கலமுமில்லை.

இக்கட்டுரை அந்த இரண்டாவது வாளைப் பற்றியது. குறிப்பாக, கைவாளொன்றை மரத்தின் மேலே எவ்வாறு கொண்டு செல்வது, அங்கு நின்று அதனை எவ்வாறு ஊறின்றிக் கையாள்வது என்னும் வினாவைப் பற்றியது. ஆய்வேடொன்றின் பக்கங்களில் இடம்பெறுவதற்கு இது மிகச் சிறிய வினாவாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயின் உழைப்பாளியின் உடல் எங்கே ஆபத்துக்குள்ளாகின்றது, அந்த ஆபத்தைத் தவிர்க்கும் அறிவு யாரிடம் இருந்தது, அது ஏன் எல்லார்க்கும் பொதுவாகவில்லை என்று கேட்கத் தொடங்கியவுடனேயே, இவ்வினா நமது சமூக அமைப்பின் அடித்தளத்தைத் தொட்டுவிடுகிறது. கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவது இங்கு நமது முயற்சியாகும்.

1

மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கினைப் பற்றி ஏங்கெல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரை, மரத்தை விட்டு இறங்கிய கையின் கதையாகவே தொடங்குகிறது. மரமேறுவதற்கும் கிளை பற்றுவதற்கும் பயன்பட்ட கை, நிமிர்ந்த நடையினால் விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற கை கருவியை ஏந்தியது. கருவியை ஏந்திய கை உழைப்பின் உறுப்பாக மட்டுமன்றி உழைப்பின் விளைபொருளாகவும் ஆயிற்று. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

கருவியுடன் மரமேறும் தொழிலாளியின் நிலை இவ்விடத்துச் சிந்தித்தற்குரியது. அவன் கருவியை ஏந்தக் கற்ற கையுடன் மீண்டும் மரத்துக்குச் செல்கிறான். மரத்தைப் பற்றுவதற்கும் கை வேண்டும். கருவியைப் பற்றுவதற்கும் கை வேண்டும். ஏறும்போது வாளைக் கையிற் பிடித்தால் பிடிமானம் பாதியாகிறது. வாயிற் கவ்வினால் ஒரு சறுக்கலில் முகம் கிழிபடும். சாரத்தின் மடிப்பிற் செருகினால், ஒவ்வொரு முறை முழங்காலை மடக்கி உயரும்போதும் பற்கள் வயிற்றையும் தொடையையும் தேடி வரும். தோளிற் கொளுவினால் கழுத்தருகே அது ஆடும். ஆக, கருவி கையை விட்டு நீங்கவும் வேண்டும், உடலை விட்டு நீங்காதிருக்கவும் வேண்டும். இம்முரண்பாட்டுக்கு மனித உழைப்பு கண்ட தீர்வே உறை. உறையில்லாத வாளும் உறையுள்ள வாளும் மரத்தின் மேல் வெவ்வேறு கருவிகள் என்றே கூறலாம்.

2

மரமேறுவோனைத் தமிழிலக்கியம் அறியாமலில்லை. ஆயின் அறிந்த முறையே நோக்கற்பாலது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் செல்ல முயன்றால் உயிரிழப்பான் என்ற கருத்து வருகிறது. அங்குப் பேசப்படுவது மரமேறுவோனின் உயிரன்று, அரசனின் படைவலி. தொழிலாளியின் வீழ்ச்சி அரசியலறிவுக்கு உவமையாகிறது. தான் இருந்த கிளையையே வெட்டியவன் என்று காளிதாசனின் இளமைக் காலத்தைப் பற்றி வழங்கும் கதை, வெட்டுபவனை மூடனாக்கிச் சிரிக்கிறது. எந்தக் கிளையில் இருந்துகொண்டு எந்தக் கிளையை அரிய வேண்டும் என்பது, நாளாந்தம் அரிபவனுக்கு உயிரோடு ஒட்டிய அறிவு என்பதைக் கதை சொன்னோர் எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே.

மடலேறுதல் என்னும் அகத்துறை இன்னும் கூரிய சான்றாகும். காதலன் பனைமடலாற் செய்த குதிரையில் ஊர்ந்து வருகையில், அம்மடலின் கருக்குப் பல் அவனுடலைக் கிழிக்கும் என்பது அத்துறையின் உயிர்நாடி. வாளின் பல்லை ஒத்த அந்தக் கருக்கு காதலனைக் கீறினால் அது கவிதையாகிறது. அவனுக்கு மடலை வெட்டிக் கொடுத்தவனின் கையையும் மார்பையும் அது கீறியிருக்கும், அக்கீறல் பாடுபொருளாகவில்லை. தமிழ்நாட்டில் பாமா 1992 இல் தமது தன்வரலாற்று நூலுக்குக் ‘கருக்கு’ எனப் பெயரிட்டபோதே, அச்சொல் காதலனின் உடலிலிருந்து ஒடுக்கப்பட்டோரின் உடலுக்குத் திரும்பி வந்தது எனலாம். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது மரத்தையும் செய்தியையும், அதாவது தொழிலையும், ஒரே பட்டியலில் வைத்தது. மரத்தையும் தொழிலையும் இணைக்கும் உடலின் வரலாற்றை எழுதும் பணி நமக்கு எஞ்சியுள்ளது.

3

எழுதப்படாததனால் அவ்வறிவு இல்லாதிருந்தது என்று பொருளன்று. வடபுலத்துச் சீவல் தொழிலாளரின் கருவித் தொகுதி, நாம் மேலே கூறிய முரண்பாட்டுக்குத் தலைமுறைகளாகக் காணப்பட்ட விடையாகும். காலிரண்டையும் பிணைத்து மரத்தோடு அணைக்கும் தளைநார், பாளை சீவும் கத்தி, கள்ளேந்தும் முட்டி, இவற்றோடு இடுப்பிலே தொங்கும் இயனக்கூடு. கத்தியை உள்ளடக்கும் இக்கூட்டினைத் தென்தமிழகத்துப் பனைத்தொழிலாளர் அரிவாட்பெட்டி என்பர். இயனம் என்ற சொல்லைப் பேரகராதியும் கள்ளிறக்குவோரின் கருவிக்கூடு என்ற பொருளிற் பதிந்துள்ளது.

இக்கூட்டின் அமைப்பினைச் சிறிது கவனித்தால் அதன் அறிவு புலப்படும். அது உடலின் பின்பக்கத்தே தொங்குகிறது. எனவே மரத்துக்கும் வயிற்றுக்கும் இடையே கருவி வருவதில்லை. கத்தியின் அலகு முழுவதும் உள்ளே மறைகிறது. எனவே சறுக்கி இறங்க நேரினும் கூர் உடலைத் தீண்டுவதில்லை. பிடி மேல்நோக்கி இருக்கிறது. எனவே பார்க்காமலே எடுக்கவும் வைக்கவும் முடிகிறது. சீவி முடித்த கணமே கத்தி கூட்டுக்குத் திரும்ப வேண்டுமென்பது பழக்கமாகவே படிந்துவிடுகிறது. காலையும் மாலையும் பல மரங்களில் ஏறி இறங்கும் ஒருவனுக்குக் ‘கவனமாயிரு’ என்ற அறிவுரையால் மட்டும் பயனில்லை. கவனம் தளரும் கணத்திலும் காப்பாற்றும் ஏற்பாடே அவனுக்குத் தேவை. இயனக்கூடு அத்தகைய ஏற்பாடு.

ஏறாமலே வெட்டுவதும் இவ்வறிவின் ஒரு பகுதியே. நீண்ட தடியின் நுனியிற் சத்தகத்தைக் கட்டிய கொக்கைச்சத்தகத்தால், ஆட்டுக்குக் குழையும் வேலியோர மரத்தின் காயும் நிலத்தில் நின்றவாறே பறிக்கப்பட்டன. தென்னிலங்கைத் தென்னந்தோட்டங்களிலும் நீண்ட மூங்கிற் கழியின் நுனியிற் கத்தி கட்டித் தேங்காய் பறிப்பதே பெருவழக்கு. தென்மேற்குக் கரையோரக் கள்ளிறக்குவோர் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறாமலே கடந்து செல்கின்றனர். ஏறும் தடவையைக் குறைப்பதே முதற் பாதுகாப்பு என்பதை இத்தொழிலாளர் நூல் கற்றுத் தெரிந்துகொள்ளவில்லை.

4

இவ்வளவு நுட்பமான அறிவு ஏன் சமூகத்தின் பொதுச்சொத்தாகவில்லை? விடை சாதியமைப்பிலே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் மரமேறும் தொழில் பிறப்பினால் விதிக்கப்பட்டது. அத்தொழிலின் பெயரே வசையாகப் பயன்பட்டது. தொழிலை இழிவுபடுத்திய சமூகம் தொழிலின் அறிவையும் இழிவுபடுத்தியது. இயனக்கூட்டை இடுப்பிற் கட்டுவது திறமையின் அடையாளமாகாமல் சாதியின் அடையாளமாயிற்று. பிற சாதியான் அதனைத் தொடமாட்டான். கட்டியவனோ அதனை என்று அவிழ்த்தெறிவோம் என்று காத்திருந்தான்.

அவ்வாறு அவிழ்த்தெறிந்தமை வரலாற்றின் முன்னேற்றமே. 1966 அக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், 1972 இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் ஆகியன அந்த முன்னேற்றத்தின் பதிவுகள். 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளர் கூட்டாகப் பேசும் வாய்ப்பினைத் தந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கல்வியின் துணையால் அடுத்த தலைமுறை மரத்தை விட்டு இறங்கியது.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுவதைக் காண்கிறோம். மரத்தை விட்டுத் தொழிலாளி இறங்கினான்; மரமேற வேண்டிய தேவை சமூகத்தை விட்டு இறங்கவில்லை. ஓலை வெட்ட வேண்டும், கூரைமேற் சாய்ந்த கிளையை அகற்ற வேண்டும், குழை வெட்ட வேண்டும், விறகு வேண்டும். அவ்வேலைகளுக்கு இப்போது ஏறுபவன் சாதித்தொழிலாளியல்லன், அன்றாடக் கூலி. பழைய அடிமைத்தனம் அவனிடம் இல்லை. பழைய அறிவும் இல்லை. கையில் இருப்பது பாளைக்கத்தியுமன்று. கடையில் வாங்கிய தச்சுக் கைவாள்.

5

தர்மபுரம் இந்த மாற்றத்தை நன்கு காட்டவல்ல ஓர் இடமாகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், விசுவமடுவுக்கு மேற்கே, கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவில் அமைந்த குடியேற்றம் இது. காடு வெட்டிக் களனியாக்கப்பட்ட இப்பகுதியில், குடாநாட்டிலிருந்து நிலம் தேடி வந்தோரும் மலையகத்திலிருந்து வந்தோரும் அருகருகே வாழ்கின்றனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் வேரறுக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலர், 1977 இன் வன்செயலையடுத்து வன்னிக்கு வந்து காணி திருத்தியும் கூலிக்கு உழைத்தும் வாழத் தலைப்பட்டமை அறியப்பட்ட வரலாறு.

இவர்கள் கொணர்ந்த கருவி மரபு வேறானது. தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி இடுப்பளவு உயரமுள்ள செடியை வெட்டுவது. வெட்டுபவனின் கால் மண்ணை விட்டு நீங்காது. பனையேறும் மரபு குடாநாட்டின் ஒரு பகுதியினரிடம் சாதியாற் கட்டுண்டு கிடந்தது. வன்னிக் காட்டின் பாலையும் முதிரையும் வீரையும் கிளை பரப்பி நிற்கும் மரங்கள். கிளையற்ற பனைக்கு அமைந்த தளைநார் இவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே தர்மபுரத்தில் கைவாளுடன் மரமேறும் கூலித்தொழிலாளி, எந்த ஒரு மரபும் முழுமையாகக் கைகொடாத இடத்தில் நின்று தொழில் செய்கிறான். பாதுகாப்பின்மைக்குத் தனிமனிதனின் அசட்டையே காரணம் என்போர் இந்த வரலாற்று வெற்றிடத்தைக் காண்பதில்லை.

சட்டமும் அவனைக் காண்பதில்லை. 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குரியது, மரம் தொழிற்சாலையன்று. 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு வேலைகொள்வோன் ஒருவன் வேண்டும். இன்று ஒருவரது வளவிலும் நாளை இன்னொருவரது வளவிலும் ஏறுபவன், விழுந்த பின் வேலைகொள்வோன் யாரெனக் காட்டுவது எளிதன்று. மரத்துக்கு உரிமையாளர் உண்டு. விறகுக்கு விலை உண்டு. முறிந்த முள்ளந்தண்டுக்குப் பொறுப்பாளி இல்லை.

6

கத்திக்கும் வாளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டினை இனி நோக்குவோம். கத்தி ஓங்கி வெட்டுவது. சில வெட்டுக்களில் வேலை முடியும். வாள் முன்னும் பின்னுமாக நெடுநேரம் இயக்கப்படுவது. அந்த அசைவு முழுவதும் உடலையும் அசைக்கிறது. நமது தச்சுக் கைவாள் தள்ளும்போது அரிவது. நிலத்தில் நிற்பவனுக்கு இதனாற் குறையில்லை. மரத்தில் நிற்பவன் எவ்வளவு விசையோடு வாளைத் தள்ளுகிறானோ, அவ்வளவு விசையோடு தானும் பின்னோக்கித் தள்ளப்படுகிறான். கிளை வெட்டுதற்கென அமைந்த வளைந்த வாள்களின் பற்கள் இழுக்கும்போது அரியுமாறு அமைந்துள்ளன. இழுப்பு உடலை மரத்தோடு அணைக்கிறது. பல்லின் சாய்வு எத்திசையில் என்ற சிறு செய்தியில் ஓர் உயிர் தங்கியிருக்கக்கூடும்.

இயனக்கூட்டின் தத்துவம் வாளுக்கும் பொருந்தும். வடிவம் மட்டும் மாற வேண்டும். வாளின் நீளத்துக்கு ஏற்ற உறை, இடுப்புவாரிலிருந்து தொடையின் வெளிப்புறமாகத் தொங்கவேண்டும். பற்கள் உடலுக்கு எதிர்ப்புறம் நோக்க வேண்டும். உறை வாங்க வசதியற்றவிடத்து, நீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாய்த் துண்டொன்றை நீளவாக்கிற் பிளந்து பல்வரிசையின் மேற் செருகிக் கட்டினாலும் அது உறையாகும். பெரிய வாளாயின் அதனைச் சுமந்து ஏறுவதே கூடாது. ஏறி இருப்புக் கொண்ட பின், கீழிருப்பவர் கயிற்றிற் கட்டிய வாளை மேலே இழுத்துக்கொள்வதும், வேலை முடிந்ததும் அவ்வாறே இறக்குவதும் முறை. மேலிருந்து வாளை எறிதல் எக்காலத்தும் தகாது.

அரியும்போது தொழிலாளி மரத்தோடு கயிற்றாற் பிணைந்திருக்க வேண்டும். அக்கயிறு வாளின் பாதைக்கு அப்பால் இருக்க வேண்டும். இறுகிநிற்கும் கயிற்றில் வாளின் பல் ஒருமுறை பட்டாலே அது அறுந்துவிடும். கிளையைப் பற்றும் மறுகை வாள் நழுவக்கூடிய கோட்டிலே இருத்தலாகாது. தலைக்கு மேலே அரிவதும் எட்டி அரிவதும் சமநிலையைக் குலைக்கும். கனத்த கிளையை அடிப்புறத்திலே சிறிது அரிந்து, பின்னர் சற்று வெளியே தள்ளி மேற்புறத்தால் அரிந்தால், கிளை பட்டை உரிந்து தொழிலாளியின் மேற் சாயாது. எஞ்சிய குற்றியை இறுதியில் அகற்றலாம். ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு நகருமுன் வாள் உறைக்குத் திரும்ப வேண்டும். மழையில் நனைந்த மரமும் குளவிக்கூடும் முசுற்றுக்கூடும் ஏறுமுன்னரே பார்க்கப்பட வேண்டியவை. முசுறு கடிக்கும் கணத்தில் வாளேந்திய கை தன்வசத்தில் இராது.

மரத்தடியில் நிற்போரையும் மறத்தலாகாது. விழும் கிளையை இழுத்து விறகாக்குவோர் பெரும்பாலும் பெண்கள். மேலே வாள் இயங்கும் வரை கீழே எவரும் வரலாகாது என்பதும், மேலும் கீழும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்த பின்னரே அடுத்த கிளை என்பதும் இருவரையும் காக்கும் ஒழுங்குகள். உலகத் தொழில் தாபனம் 1998 இல் வனத்தொழிலுக்கென ஒரு பாதுகாப்பு நடைமுறைக் கோவையை வெளியிட்டது. அத்தகைய கோவைகள் தமிழிலே, வன்னித் தொழிலாளியின் சொற்களிலே அமையும்போதுதான் அவனுக்குப் பயன் தரும்.

7

போர் இந்தத் தொழிலுக்குப் புதிய ஆபத்தொன்றைச் சேர்த்துச் சென்றது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகர் வீழ்ந்த பின்னர், தர்மபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நெருங்கியிருந்த மக்கள் அம்மாதத்திலேயே கிழக்கு நோக்கி மேலும் பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் கண்டவற்றுள் தலையிழந்த பனைகளும் தென்னைகளும் அடங்கும். நின்ற மரங்களின் உள்ளே சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் புதைந்துள்ளன. பட்டை வளர்ந்து மூடிய பின் அவை வெளியே தெரிவதில்லை. அரியும் வாள் இரும்பிலே திடீரெனத் தடைப்படும்போது பல் ஒடியும். நழுவும் வாள் மரமேறியிருப்பவனின் சமநிலையையும் குலைக்கும். போர்வாளின் காலம் முடிந்த பின்னரும், அதன் எச்சம் உழைப்பின் வாளை மறித்து நிற்கிறது. இரு வாள்களும் ஒரே மரத்தினுட் சந்திக்கும் இக்காட்சியை எந்தத் திணையில் அடக்குவது?

வீடும் வேலியும் மீள அமைத்த காலத்தில் மரத்துக்கும் விறகுக்கும் தேவை பெருகியது. வசதியுள்ளோர் இயந்திரவாளை அமர்த்தினர். ஏழைக் குடும்பங்கள் கைவாளுடன் ஏறும் அயலவனையே நாடின. உறவுமுறை சொல்லி அழைத்து, சிறு தொகையும் ஒருவேளை உணவும் கொடுத்துப் பெறப்படும் இவ்வுழைப்பில், ஆபத்தின் விலை கணக்கிடப்படுவதில்லை. அயலுறவின் இனிமை சுரண்டலின் அளவை மறைத்துவிடுவதும் உண்டு.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு ஒன்றே. வாளை உறையிலிட்டு மரமேறுதல் தனிமனிதக் கவனத்தின் பாற்பட்டதன்று. அது உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்பதன் வெளிப்பாடு. சாதியமைப்பு மரமேறும் அறிவை ஒரு பிரிவினரின் உடலிற் சிறைவைத்தது. சாதியெதிர்ப்பு அவ்வுடலை விடுதலை செய்தது. அந்த அறிவைச் சமூகம் பொதுவில் ஏற்றுக்கொள்ளும் பணியோ நிறைவேறாமல் நிற்கிறது. இழிவை எறிந்துவிட்டு அறிவை எடுத்துக்கொள்வது நம்மால் இயலாததன்று. கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் உறையும் கயிறும் வளைவாளும் பொதுவில் வாங்கி வைத்திருக்கலாம். முதிய சீவல் தொழிலாளரை ஆசிரியராக அமர்த்தி, சாதி நோக்காது இளைஞர்க்குப் பயிற்சி அளிக்கலாம். ஏறுபவனுக்கு விபத்துக் காப்புறுதி செய்யலாம். மரத்துக்குரியவன் ஆபத்திலும் பங்குகொள்ள வேண்டுமென்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் எழுப்பலாம்.

பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் இதிற் பணியுண்டு. இயனக்கூடு, தளைநார், கொக்கைச்சத்தகம் முதலிய சொற்கள் அவற்றைப் பயன்படுத்திய முதியோருடன் மறைந்துகொண்டிருக்கின்றன. அச்சொற்களைத் தொகுப்பது மொழியாராய்ச்சி மட்டுமன்று. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் உடலைக் காத்த அனுபவம் அடங்கியுள்ளது. வாண்மங்கலம் பாடிய மரபை ஆராய்வதில் நாம் செலவிட்ட உழைப்பிற் சிறு பங்கையேனும் இதற்குச் செலவிடுவோமாயின், தர்மபுரத்தில் நாளை மரமேறுபவனுக்கு அது பயன்படும்.